கரிசல் காட்டுக்கு 30 மில்லிஆம்பியர்: ஆர்.சி.சி.பி. எப்படி?

ஆர்.சி.சி.பி. என்பது கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் கருவி; பார்வைக்கு, ஓவர்லோடில் விழும் எம்.சி.பி. இரண்டை ஒட்டிவைத்த அகலம்தான். முகப்பில் ஒரு லீவர், ‘டி’ என்று அச்சிட்ட சின்னப் பொத்தான், 25 அல்லது 40 ஆம்பியர் என்று ஓர் அளவு, பக்கத்திலேயே 30 மில்லிஆம்பியர் என்று இன்னோர் அளவு. வீட்டுக்கு வாங்குகிறவர் விடாமல் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை. கடைகளில் பழைய பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்று கேட்டாலும் எடுத்துத் தருவது பெரும்பாலும் இந்த ஆர்.சி.சி.பி.யைத்தான். எம்.ரெட்டியபட்டி போன்ற ஊரில் எந்த வீட்டு மெயின் போர்டிலும் இது இருந்தே ஆக வேண்டும் என்பது என் முடிவு. அதற்கான காரணம் பாதி கருவிக்குள் இருக்கிறது, பாதி மண்ணுக்குள் இருக்கிறது.

அந்த ஊர் இருக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். அதற்குப் பிறகு கரிசல் காய்ந்து, சுருங்கி, வெடிப்பு விடும். எர்த் குழிக்குள் நிற்கும் குழாயை ஈரமண் இறுகப் பற்றியிருந்தால்தான் கசியும் கரண்ட் பூமிக்குள் இறங்கும். ஈரம் போனால் மண்ணின் தடை கூடுகிறது; வெடிப்பு விழுந்தால் குழாயை விட்டு மண்ணே விலகுகிறது. மண்ணின் தடை 3 மடங்கானால் குழியின் தடையும் 3 மடங்காகும்: கார்த்திகையில் 20 ஓம் காட்டிய குழி சித்திரையில் 60 காட்டலாம். அந்த நல்ல காலத்து 20 ஓமையே கணக்குக்கு எடுப்போம். டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த்துக்கு 5 ஓம் வைப்போம். கிரைண்டர் மோட்டாரில் இன்சுலேஷன் போய் ஃபேஸ் பாடியைத் தொட்டால், 230 வோல்ட்டை 25 ஓமால் வகுக்க, 9.2 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது சாதாரண லோடு. அது விழவே விழாது. கிரைண்டரின் உலோக பாடியில் 184 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மாவு வழிப்பவரின் உடல்தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிட்டால், அவர் உடம்பில் 180 மில்லிஆம்பியருக்குக் குறையாமல் பாயலாம். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு பங்கே போதும். எர்த் கம்பி அறுபடாமல், எம்.சி.பி. பழுதில்லாமல் இருந்தும் உயிர் போகலாம் என்பதுதான் இந்தக் கணக்கு சொல்லும் கொடுமை. 2011-ல் தொடங்கி அரசு விலையில்லாமல் கொடுத்த கிரைண்டரும் மிக்ஸியும் எத்தனையோ வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. அவற்றுக்கு வேண்டிய எர்த் அந்த அட்டைப்பெட்டிக்குள் வரவில்லை.

ஆர்.சி.சி.பி. எம்.சி.பி.யைப் போல மொத்த கரண்டைப் பார்ப்பதில்லை. ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் உள்ளே ஒரே வளையத்தின் நடுவே போகின்றன. போனது அத்தனையும் திரும்பி வந்தால் வளையம் சும்மா இருக்கும். 30 மில்லிஆம்பியர் குறைந்தால் 0.3 நொடிக்குள்ளும், 150 குறைந்தால் 0.04 நொடிக்குள்ளும் லைனை வெட்டியாக வேண்டும் என்கிறது ஐ.எஸ். 12640 தரம். குழி காய்ந்து 500 ஓம் ஆகிவிட்டாலும் 0.46 ஆம்பியர் கசியும். அது 30 மில்லிஆம்பியரைப்போல 15 மடங்கு. சித்திரை மாதத்து எர்த்தை வைத்துக்கொண்டே வேலை செய்யக்கூடிய கருவி வேறு எது?

அப்படியானால் எர்த்தே வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும். எர்த் இருந்தால் பாடிக்குக் கரண்ட் வந்த கணமே கருவி விழுந்துவிடும், யாரும் தொட வேண்டியதில்லை. எர்த் இல்லாவிட்டால் ஒருவர் தொட்டு, அந்த ஷாக் அவர் உடம்பில் பாய்ந்த பிறகுதான் விழும். மூணு பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பது அதுதான் முதலில் தொட வேண்டும் என்பதற்காக. அதைப் பிடுங்கிவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகுவது இந்த ஏற்பாட்டையே அழிக்கிறது. உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் போதாதா என்றால், ஊற்றும் வரை போதும். குடிதண்ணீருக்கே குடம் வரிசை போடும் கோடையில் குழியை யார் நினைப்பார்கள்? “அடிக்கடி விழுது” என்ற புகார்தான் கனமானது. அதற்காகவே இதைக் கழற்றிவிட்டு நேர் இணைப்புக் கொடுப்பதும் நடக்கிறது. பெரும்பாலும் குற்றம் வயரிங்கில் இருக்கும். இன்வெர்ட்டர் இழுக்கும்போது இரண்டு லைனின் நியூட்ரலை ஒன்றாக முறுக்கிவிட்டால் வளையத்தின் கணக்கு உதைக்கும். நியூட்ரலைப் பிரித்துவிட்டு, ஃபிரிட்ஜுக்குத் தனி லைன் கொடுத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

மத்திய மின்சார ஆணையத்தின் விதிகள் 2010-லேயே 5 கிலோவாட்டுக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு இந்த வகைப் பாதுகாப்பைக் கேட்டன; பிறகு வரம்பு 2 கிலோவாட்டாக இறங்கியது. ஒரு கிரைண்டரும் இரண்டு ஃபேனும் ஓடும் சிறிய வீடு அதற்கும் கீழேதான் நிற்கிறது. இந்த மத்திய விதி கேட்காவிட்டாலும் அந்த வீட்டுக்கும் இதே மண்தான்.

குறைகளும் உண்டு. ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் இந்தக் கருவிக்குத் தெரியாது. ஓவர்லோடையும் பார்க்காது, ஆகவே எம்.சி.பி. கூடவே இருக்க வேண்டும். ‘டி’ பொத்தான் கருவியின் உள்ளேயே ஒரு சின்னக் கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது. எர்த் குழியை அது சோதிப்பதில்லை. குழிக்கு எர்த் டெஸ்டர் கொண்டு வரும் வயர்மேன் வேண்டும், அதுவும் கோடையில் வர வேண்டும். வாங்கும்போது முகப்பில் உள்ள சின்னத்தையும் பாருங்கள்: வெறும் அலைக்கோடு மட்டும் இருந்தால் ஏ.சி. வகை, அதோடு அரை அலைகளும் வரைந்திருந்தால் ‘ஏ’ வகை. இன்வெர்ட்டர் ஏ.சி.யோ எலக்ட்ரானிக் வாஷிங் மெஷினோ உள்ள வீட்டுக்கு ‘ஏ’ வகைதான் சரி. பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள்; அழுத்தியும் லீவர் விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.