அடுத்த வாரமும் வர வேண்டியவன்

ஆருத்ரா தரிசனத்துக்கென்று சிதம்பரம் போனவன், தேர்க் கூட்டத்துக்குப் பயந்து மேல வீதியில் நண்பர் வீட்டுக்குள் புகுந்துகொண்டேன். நடராஜர் தரிசனத்துக்குப் பதிலாக டெலிவிஷன் தரிசனம் கிடைத்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த நண்பரின் மகன், "மாமா, ஒரே கதை. இங்கிலீஷ்காரன் எடுத்தது ஒன்று, அமெரிக்கக்காரன் எடுத்தது ஒன்று. எது ஒசத்தின்னு நீங்கதான் சொல்லணும்" என்று பந்தயம் கட்டியவன் மாதிரி எதிரே உட்கார்ந்துவிட்டான். இரண்டுக்கும் பெயர் 'தி ஆபீஸ்'.

இங்கிலீஷ்தான் உயர்த்தி என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். சுருக்கமாக இருக்கிறதே என்பது நான் சொன்ன காரணம். கடலூர் திரும்பி, அமெரிக்கத் தொடரையும் மாதக்கணக்கில் பார்த்து முடித்தேன். தீர்ப்பு மாறவில்லை, காரணம் மாறிவிட்டது.

இங்கிலீஷ் தொடர் 2001 முதல் 2003 வரை பி.பி.சி.யில் வந்தது. ரிக்கி ஜெர்வைஸ், ஸ்டீபன் மெர்ச்சன்ட் என்ற இரண்டே பேர் எழுதி இயக்கியது. பன்னிரண்டு பகுதிகள், பிறகு கிறிஸ்துமஸுக்கு இரண்டு, ஆக 14. ஸ்லவ் என்ற ஊரில் ஒரு காகிதக் கம்பெனி. அதன் மானேஜர் டேவிட் பிரென்ட், தன்னைப் பெரிய ஹாஸ்யக்காரன் என்றும் சிப்பந்திகளுக்கெல்லாம் உற்ற தோழன் என்றும் நம்பிக்கொண்டிருக்கும் பிரகிருதி. அவன் சிரிக்கவைக்க முயலும்போதெல்லாம் நமக்கு உடம்பு கூசுகிறது. தர்ம காரியத்துக்காக ஆபீஸில் எல்லோரும் வேடிக்கை செய்யும் நாளில், நம் ஊர்ப் பொய்க்கால் குதிரையைப் போலத் தீக்கோழி ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறான். அந்த வேஷத்தோடு நிற்கும்போதுதான் வேலை போய்விட்டது என்று அவனிடம் சொல்கிறார்கள். அடுத்த பகுதியில், தன்னை அனுப்பிவிட வேண்டாமென்று மேலதிகாரிகளிடம் கெஞ்சுகிறான். அதுவரை அவனைக் கண்டு சிரித்த நமக்கு வாயில் ஈரம் வற்றிப்போகிறது. எனக்குப் போயிற்று.

அமெரிக்கத் தொடர் 2005 முதல் 2013 வரை என்.பி.சி.யில் வந்தது. ஒன்பது பருவம், 201 பகுதிகள். பென்சில்வேனியாவில் ஸ்க்ரான்டன் என்ற ஊர். அங்கும் காகிதக் கம்பெனிதான். முதல் பகுதி ஏறத்தாழ இங்கிலீஷ் எழுத்தின் நகல். முதல் பருவத்தில் ஆறே பகுதிகள். இரண்டாம் பருவத்தில் 22. அங்கேதான் மானேஜர் மைக்கேல் ஸ்காட்டாக வரும் ஸ்டீவ் கேரல் மெல்ல மெல்ல நல்லவனாகிறார். அசடுதான், ஆனால் உள்ளம் தங்கம்! பி.பி.சி. விளம்பரம் இல்லாமல் லைசென்ஸ் கட்டணத்தில் நடப்பது. விளம்பரத்தில் வாழும் கம்பெனி, டேவிட் பிரென்டை வருஷக்கணக்கில் ஜனங்களின் கூடத்துக்கு அனுப்ப முடியுமா? அடுத்த வாரமும் வர வேண்டியவனை இந்த வாரம் அடியோடு அவமானப்படுத்திவிட முடியாது. படுத்தினாலும் அரை மணிக்குள் கண்ணீரைத் துடைத்துவிட வேண்டும். 2011-இல் கேரல் விலகிய பிறகும் கடை இரண்டு வருஷம் நடந்தது.

இவ்வளவு சொன்னதால் அமெரிக்கத் தொடரை நான் ரசிக்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. குறுக்கெழுத்துப் புதிரிலேயே கண்ணாயிருக்கும் ஸ்டான்லி, என்னோடு பல வருஷம் வேலை பார்த்தவர் போலாகிவிட்டார். 14 பகுதிகளில் அந்தப் பழக்கம் வராது. இங்கிலாந்தில் டிம் பரிசாக வைத்த வர்ணப் பெட்டியைக் காரில் பிரித்துப் பார்த்துவிட்டு டான் திரும்பி வருகிறாள்; காதல் கதை அதோடு சரி. அமெரிக்காவில் ஜிம்முக்கும் பாமுக்கும் கல்யாணமாகி, குழந்தைகள் பிறந்து, மனஸ்தாபம் வந்து, அது தீரவும் செய்கிறது. இதுவும் ஒரு சுகம்தான்.

நீளமே குற்றம் என்றால் நம் தென்னாற்காட்டு ஜனங்கள் மன்னிக்க முடியாத குற்றவாளிகள். திரௌபதை அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் வாசித்து, இரவு விடிய விடியக் கூத்தாடி, எத்தனை நாள் நடத்துகிறார்கள்! துரியோதனன் சலங்கை குலுங்க ராத்திரி ராத்திரியாக ஆடுகிறான். அவன்மேல் ஊருக்கே ஓர் ஆசை உண்டு. ஆனால் களத்து மண்ணில் மல்லாந்து கிடக்கும் அந்தப் பெரிய உருவத்தை முதலிலேயே எல்லோருக்கும் தெரியும். படுகளத்தைப் பதினைந்து நாள் தள்ளிவையுங்கள் என்று எந்த நாட்டாண்மையும் கேட்டதாக நான் அறியேன்.

தமிழ் டெலிவிஷனில் தூர்தர்ஷன் காலத்தில் பதின்மூன்று வாரம் என்றொரு கணக்கு இருந்தது. 1993-இல் சன் டி.வி. வந்தது, கணக்கும் போயிற்று. 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1500 பகுதிகளுக்கு மேல் ஓடியது. இதைப் பற்றி நண்பர் வீட்டில் நான் கொஞ்சம் கேலியாகவே பேசிக்கொண்டிருந்தேன். காப்பி கொண்டுவந்த நண்பரின் மனைவி டம்ளரை வைத்துவிட்டு, "கோலங்களைச் சொல்றீங்களே அண்ணா, உங்க தொடர்கதையிலே அந்தத் தாசில்தார் எத்தனை வாரம் சாகக் கிடந்தார்?" என்று கேட்டார்.

பையன் சிரித்துவிட்டான். எனக்குக் காப்பி இறங்கவில்லை.

அந்தக் கதைக்கு நான் போட்ட திட்டம் 24 வாரம். பதினேழாம் அத்தியாயத்தில் தாசில்தார் லஞ்சத்தில் பிடிபட்டு, மகள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் நிற்க வேண்டும். அதற்காகவேதான் கதையை ஆரம்பித்தேன். பதினைந்தாம் வாரம் ஆசிரியரிடமிருந்து கடிதம்: வாசகர்களுக்குத் தாசில்தாரை ரொம்பப் பிடித்துவிட்டது, நாற்பது வாரத்துக்குக் கொண்டுபோங்கள். கொண்டுபோனேன். பணமும் தேவையாயிருந்தது. பிடிபட வேண்டியவருக்கு மார்வலி வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தேன். அவர் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே மகள் மன்னித்துவிட்டாள். அழுதுகொண்டே படித்ததாக எத்தனையோ கடிதங்கள் வந்தன. அவர் தலைகுனிந்து நிற்கும் அத்தியாயத்தை மாத்திரம் நான் எழுதவேயில்லை.

இப்போது அது புத்தகமாக வரப்போகிறது. பதினேழுக்குப் பிறகு உள்ளதையெல்லாம் கட்டித் தனியே வைத்துவிட்டு மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பிரதியைச் சிதம்பரத்துக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.