மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்

நகைக்கடையில் அகலச் சங்கிலியைப் படுக்க வைத்துத்தான் காட்டுவார்கள். மெரூன் வெல்வெட் தட்டில், இரண்டு விரல் அகலத்துக்கு, மஞ்சள் பட்டையாக அது நீண்டு கிடக்கும்போது யாராலும் குறை சொல்ல முடியாது. மேலே எரியும் விளக்குகளும் அதற்கென்றே பொருத்தியவை. ஆனால் தட்டில் கிடக்கும் சங்கிலி இன்னும் எந்தச் சோதனைக்கும் ஆளாகவில்லை. அதைக் கையில் எடுத்து, நடுப்பகுதியை ஆள்காட்டி விரலின் மேல் போட்டு, இரண்டு முனைகளையும் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். நல்ல சங்கிலி விரலை விட்டு இறங்கும் இடத்திலேயே மடிந்து, இரு பக்கமும் நேராக விழும். வேலை சரியில்லாதது விரலுக்கும் தனக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டு, வில்லாக நின்று, பிறகுதான் தயங்கி இறங்கும். அந்த இடைவெளிதான் நாளை கழுத்துக்கும் சங்கிலிக்கும் நடுவே தெரியப்போவது.

அகலத்தை ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் அகலத்தையே பார்க்கிறார்கள். நான் பார்ப்பது அந்த அகலம் எப்படி வளைகிறது என்பதை.

கழுத்து உருளை வடிவம் அல்ல. தாடைக்குக் கீழே சிறுத்து, தோளை நோக்கி இறங்க இறங்க விரிகிறது. மெல்லிய சங்கிலிக்கு இது ஒரு பொருட்டே இல்லை; எங்கே போட்டாலும் அங்கே கிடக்கும். அகலம் வந்ததும் கூடவே கணக்கும் வந்துவிடுகிறது. இரண்டரை சென்டிமீட்டர் அகலப் பட்டை ஒன்று கழுத்தைச் சுற்றி முழு வட்டமாகத் தட்டையாகப் படுக்க வேண்டுமானால், அதன் வெளி விளிம்பு உள் விளிம்பைவிட 15 சென்டிமீட்டருக்கும் மேல் நீளமாக இருக்க வேண்டும். கழுத்து பருமனா ஒல்லியா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வட்டத்தின் சுற்றளவைக் கண்டுபிடிக்கப் பள்ளியில் படித்த சூத்திரத்தை இரண்டு முறை போட்டுக் கழித்தால் அகலம் மட்டும்தான் மிஞ்சும். உடம்பு சரிவாக இருப்பதால் நடைமுறையில் இந்த வித்தியாசம் கொஞ்சம் குறையும், இல்லாமல் போகாது. சட்டைக் காலரைத் தையற்காரர் நேர்ப்பட்டையாக வெட்டாமல் வளைத்து வெட்டுவதும் இதற்காகத்தான். ஆசாரிக்கு அப்படி வளைத்து வெட்டும் வசதி இல்லை. அவர் அந்தச் சில சென்டிமீட்டர்களைக் கண்ணி கண்ணியாக ஒளித்து வைத்தாக வேண்டும்.

எங்கே ஒளித்திருக்கிறார் என்று தேடுவதுதான் அகலச் சங்கிலி பார்ப்பதில் உள்ள சுகம். சிலவற்றில் ஒவ்வொரு கண்ணியும் மேலே குறுகி, கீழே மயிரிழை அளவு அகன்றிருக்கும். முன்பக்கம் பார்த்தால் தெரியாது. திருப்பிப் போட்டு வரிசையாக நோக்கினால்தான் பிடிபடும். சிலவற்றில் கண்ணிகள் எல்லாம் ஒரே அளவு, ஆனால் கீழ் வரிசை வளையங்களில் மட்டும் கொஞ்சம் தளர்வு விட்டிருப்பார்கள்; கழுத்தில் ஏறியதும் அந்தத் தளர்வு விரிந்துகொள்ளும். கல் பதித்த அட்டிகையில் நடுவில் பெரிய கல்லும் ஓரம் போகப் போகச் சிறு கல்லுமாக வைப்பது கண்ணுக்கு அழகு என்பதோடு, அகலத்தை முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும் சாமர்த்தியமும் ஆகும். இந்த மூன்றில் எதுவுமே இல்லாத நேர்ப்பட்டைச் சங்கிலியும் விற்பனைக்கு இருக்கிறது. அதை அணிந்தவரைப் பக்கவாட்டில் பாருங்கள். கீழ் விளிம்பு தோலை அழுத்த, மேல் விளிம்பு முன்னுக்குத் துருத்திக்கொண்டு நிற்கும். அவர் கண்ணாடியில் நேருக்கு நேர் மட்டும் பார்த்து வாங்கியிருப்பார். “சூப்பரா இருக்குக்கா” என்று சொன்ன விற்பனைப் பெண்ணும் நேரெதிரேதான் நின்றிருப்பாள்.

பின்பக்கத்தை நான் முன்பக்கத்தைவிட அதிக நேரம் பார்ப்பேன். கைவேலைச் சங்கிலி என்றால் கதை கம்பியில் தொடங்குகிறது. பொன்னைக் கம்பியச்சின் துளைகள் வழியே ஒன்றுக்கு அடுத்து ஒன்று சிறிய துளையாக இழுத்து, வேண்டிய கனத்துக்குக் கொண்டுவந்து, ஓர் உருட்டுக்கோலில் சுருளாகச் சுற்றி, சுருளை ஒரு பக்கமாக வெட்டினால் வளையங்கள் உதிரும். அவற்றை ஒன்றுக்குள் ஒன்று கோத்து, வாய் சேரும் இடத்தில் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிறார்கள். நல்ல ஆசாரியின் பற்று, பின்பக்கத்தில்கூடத் துருத்தாது. நகத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எங்கும் தடுக்கக் கூடாது. தடுத்தால் நாளை பட்டுப்புடவையின் சரிகையை இழுக்கப்போவது அந்த இடம்தான். இயந்திரத்தில் பின்னிய சங்கிலியில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததன் நகல். அதில் எனக்கு மரியாதை உண்டு, மயக்கம் இல்லை.

உள்ளே கூடான சங்கிலியை மட்டும் அகலத்தில் எடுக்காதீர்கள் என்பேன். கனமான தோற்றமும் குறைந்த கிராமும் ஒரே நேரத்தில் வேண்டும் என்று கேட்பவர்களுக்காக வந்தது அது. பார்வைக்கு எட்டு பவுன், தராசில் நாலு பவுன். ஆனால் கூடான கண்ணி ஒருமுறை நசுங்கினால், உள்ளிருந்து தள்ளி நிமிர்த்த வழியில்லை. அதைவிடப் பெரிய குறை வேறு: அது விழும் விதம். 22 காரட் தங்கம் தண்ணீரைவிட 17 மடங்குக்கும் மேல் அடர்த்தி. இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல். சங்கிலி உடம்போடு படிந்து கிடப்பதே அந்தப் பாரத்தால்தான். பாரம் இல்லாத அகலச் சங்கிலி, அணிந்தவர் திரும்பும்போது உடனே திரும்பாமல் ஒரு கணம் பிந்தி வரும். கெட்டியான சங்கிலி அணிந்தவரோடு சேர்ந்தே திரும்பும். அணியும்போது முதலில் ஒரு குளிர்ச்சி, அப்புறம் சில நிமிடங்களில் உடம்புச் சூடு அதில் ஏறிவிட்டால் பாரம் மட்டும் மிஞ்சும். அந்தப் பாரத்துக்கு முதுகு தானாக நிமிரும். பெரியவர்கள் சங்கிலி போட்டதும் நடை மாறிவிட்டது என்று கேலி செய்வார்களே, அதில் கொஞ்சம் இயற்பியலும் இருக்கிறது.

அகலத்துக்கும் வளைவுக்கும் நம் ஊரில் கண்ட தீர்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது காசுமாலை. ஒவ்வொரு காசின் உச்சியிலும் வளையம் வைத்து, ஒன்றின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறும்படி கோத்திருப்பார்கள். மேலே கோவை இறுகியிருக்கும் இடத்தில் காசுகள் ஒன்றையொன்று அதிகம் மறைக்கும். கீழே விரியும் இடத்தில் குறைவாக மறைக்கும். மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அந்த மறைப்பில் கரைந்துவிடுகிறது. எந்தக் கழுத்தில் போட்டாலும், எந்த நீளத்தில் தொங்கவிட்டாலும் காசுகள் தாங்களே சரிசெய்துகொள்ளும். அதற்கு விலையும் உண்டு. காசு கொடுத்து வாங்கிய பொன்னில் கணிசமான பகுதியைப் பிறர் கண்ணுக்கே காட்டாத நகை இது. ஒவ்வொரு காசிலும் லட்சுமியின் உருவம் முழுதாகத் தெரியும்படி யாரும் கோப்பதில்லை. பாதி முகம், ஒரு கை, தாமரையின் ஓர் இதழ், அவ்வளவுதான். அந்தத் தாராளத்தில் ஒரு கம்பீரம் இருக்கிறது.

இன்றைய காசுகள் தகட்டில் அச்சு அடித்தவை. காகிதம்போல் மெல்லிய தகடு மடங்காமல் நிற்பதற்குக் காரணமே அந்த லட்சுமிதான்: புடைத்த உருவம் தகட்டுக்கு விறைப்பைக் கொடுக்கிறது. பழைய வீடுகளில் மெய்யான சவரன்களையே கோத்த மாலைகள் உண்டு. பிரிட்டிஷ் சவரன் 7.98 கிராம், 22 காரட். நம் கடைகளில் ஒரு பவுன் என்று 8 கிராமைச் சொல்வது அதன் வழிவந்த கணக்கு. 1918-ல் பம்பாயிலேயே சவரன்கள் அச்சடித்திருக்கிறார்கள். அதன் ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் குதிரையேறிய புனித ஜார்ஜ் பறவைநாகத்தைக் கொல்லும் காட்சி. அந்தக் காட்சியைச் செதுக்கியவர் பெனிடெட்டோ பிஸ்ட்ருச்சி என்ற இத்தாலியர். அது 1817-ல் சவரனில் முதலில் வந்தது. அப்படியொரு மாலையைப் போட்டுக்கொண்டு மணவறையில் உட்கார்ந்த நம் பாட்டிமார்கள் அந்த மன்னரைப் பற்றி என்ன நினைத்தார்களோ, தெரியவில்லை. முப்பது சவரன் கோத்தால் கால் கிலோவுக்குச் சற்றுத்தான் குறைவு. அதைப் போட்டுக்கொண்டு குனிந்து நிமிர்ந்து பந்தி விசாரித்தவர்களும் அவர்களேதான்.

நகையை நுணுகிப் பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் கொடுத்த நகைகளைச் சுவரில் வெட்டியிருக்கிறார்கள். ஆடவல்லான் என்று பெயரிட்ட எடைக்கல்லால் பொன்னை நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. முத்துகளை வட்டம், அனுவட்டம், குறுமுத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று பார்வையாலேயே தரம் பிரித்திருக்கிறார்கள். நூலும் சட்டமும் எடையில் சேருமா, சேராதா என்பதையும் விட்டுவிடவில்லை. இன்று கல்லும் அரக்கும் சேர்ந்த மாலையை வாங்கும்போது “நெட் வெயிட் எவ்வளவு?” என்று கேட்க நாம் கூச்சப்பட வேண்டியதே இல்லை, அரசனே கேட்ட கேள்வி. இப்போது கூடுதலாக ஹால்மார்க் இருக்கிறது. பிஐஎஸ் முத்திரை, 22கே916 என்ற தூய்மைக் குறி, எண்ணும் எழுத்தும் கலந்த ஆறு இலக்க ஹெச்யூஐடி அடையாளக் குறி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹெச்யூஐடி இல்லாமல் கடைக்காரர் விற்கக் கூடாது. அகலச் சங்கிலியில் பெரும்பாலும் கொக்கியின் அருகே தேட வேண்டும். லென்ஸ் கேட்டால் தருவார்கள்.

இனி அணிவது. நீளத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும். அகலச் சங்கிலி காறையெலும்புக்கு மேலே கழுத்தை ஒட்டி இருக்கலாம், அல்லது எலும்பைத் தாண்டி நன்றாகக் கீழே இறங்கலாம். சரியாக எலும்பின் மேலேயே வந்து உட்கார்ந்தால் அந்த மேட்டில் சாய்ந்து, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். கடைக்குப் போகும்போது சுடிதார் துப்பட்டாவோடு போய்விட்டு, கல்யாணத்தில் ரவிக்கையோடு போட்டுக்கொண்டு, “அன்னைக்கு நல்லா இருந்துச்சே” என்று வருந்துவதற்குப் பதிலாக, அணியப்போகும் ரவிக்கையையே போட்டுக்கொண்டு போவது மேல். பின்கழுத்தைச் சடை மறைக்கும் என்று அங்கே பொன்னைக் குறைத்து, நீளம் கூட்டிக் குறைக்கும் பேக் செயின் வைப்பது நியாயமான சிக்கனம். ஆனால் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் பலவற்றின் பின்பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: யாரும் பார்க்காத முதுகுப் பக்கத்திலும் கழுத்தணியின் குஞ்சத்தைத் தொங்கவிட்டிருப்பார்கள்.

கல்யாண வீடுகளில் அட்டிகை, நடு நீளத்தில் ஒன்று, ஆரம் என மூன்றடுக்காகப் போடும் வழக்கத்தில் அகலச் சங்கிலி ஒரு நாளும் எடுபட்டு நான் பார்த்ததில்லை. அதற்குச் சுற்றிலும் கொஞ்சம் வெற்றுத் தோல் வேண்டும். தாலிக்கொடி மட்டும் விலக்கு. அது உள்ளே போய்விடும். புடவையிலும் அப்படியே. அகன்ற சரிகைக் கரைக்குப் பக்கத்தில் அகன்ற சங்கிலி வந்தால் இரண்டு தங்கமும் ஒன்றோடொன்று போட்டி போடும். மெருகிட்ட பட்டை தன் பக்கத்தில் இருக்கும் நிறத்தைக் குடித்துக்கொள்ளும் என்பதையும் கவனித்திருக்கிறேன். அரக்குச் சிவப்புப் பருத்திப் புடவையின் மேல் கிடக்கும்போது கண்ணிகளின் உட்சரிவெல்லாம் செம்பு நிறம் கொள்ளும். பச்சைக்கு வேறு நிறம். சரிகை குறைந்த, நிறம் ஆழ்ந்த செட்டிநாட்டுப் பருத்திக்கு இணையான மேடை அதற்குக் கிடையாது என்பது என் கட்சி. பட்டுக்காரர்கள் சண்டைக்கு வரலாம்.

ஆண்களின் மைனர் செயினுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. நீளமாக மார்பில் விழுவதால் வளைவுக் கணக்கிலிருந்து அது தப்பித்துக்கொள்கிறது. மேல் பட்டனைத் திறந்துவிட்டால் போதும். பெண்களோ, பறிப்புக்குப் பயந்து, தெருவில் இறங்கியதும் முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தி, பார்த்துப் பார்த்து எடுத்த அகலத்தையெல்லாம் மறைத்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது.

பராமரிப்பில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அடிக்கடி பாலிஷ் போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பொன் போகும். மடித்து வைக்காமல், கடையில் தந்த ரோஸ் காகிதத்தின் மேல் பஞ்சு வைத்து, வளைவு கெடாமல் படுக்க வைக்க வேண்டும். பவுடர், மஞ்சள், வியர்வை எல்லாம் கண்ணிகளின் மூட்டுகளில் போய் அடைந்துகொள்ளும். வளைவு விறைத்துப்போய், வாங்கிய நாளில் விரலில் மடிந்த சங்கிலி இப்போது வில்லாக நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் பின்பக்கத்திலிருந்து தேய்த்தால் மறுபடி இளகிவிடும். கழுவிய தண்ணீரைக் கொட்டுவதற்கு முன் பாத்திரத்தின் அடியில் ஒருமுறை கையால் துழாவிப் பார்த்துவிடுங்கள். உராய்ந்து தேய்ந்த வளையம் ஏதாவது கழன்றிருந்தால் அங்கேதான் கிடக்கும்.