சின்னாவைக் கொன்றவர் யார்?

மயிலை மாங்கொல்லையில் கூட்டம் என்றால் மாலை மங்குமுன்னே மக்கள் திரள்வர். வேலை முடித்து வந்த தொழிலாளி, கடையடைத்துவிட்டு வந்த சிறுவணிகர், புத்தகப் பையோடு ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் மாணவர், இடுப்பில் குழந்தையுடன் வந்த தாய், இத்தனை பேரும் ஒரு மேடையையே நோக்கி நிற்பர். பேச்சாளர் எழுவார். அவர் சிரிக்க வைத்தால் கூட்டம் சிரிக்கும். சீறச் செய்தால் சீறும். கையொலி எழும்போது கோயில் மணியோசைகூட அதில் அமுங்கிப் போகும்!

பேச்சால் வளர்ந்த இயக்கம் நம் இயக்கம். எழுத்து மறுக்கப்பட்ட மக்களுக்கு மேடையே பள்ளியாயிற்று. நாடக அரங்கே நூலகமாயிற்று. அதிலே நமக்குப் பெருமை உண்டு. பெருமை உள்ள இடத்தில் பொறுப்பும் உண்டல்லவா? ஆகவேதான், இரண்டே சொற்பொழிவுகளால் ஒரு நாட்டின் நிலை தலைகீழான கதையை மற்றவரைக் காட்டிலும் நாம் கூர்ந்து படிக்க வேண்டும் என்கிறோம். சேக்ஸ்பியர் தீட்டிய 'ஜூலியஸ் சீசர்' எனும் துன்பியல் நாடகமே அது.

கி.மு. 44ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் உரோம் நகரில் நடந்த அரசியல் படுகொலையே அதன் கரு. புளூட்டார்க் எழுதிய வாழ்க்கை வரலாறுகள் அதற்கு ஊற்று. 1599ஆம் ஆண்டிலேயே இலண்டன் நகரில் அது நடிக்கப்பட்டது, 1623இல் அச்சேறியது. நானூறு ஆண்டுகள் கடந்தும் கல்லூரி தோறும் பாடமாகி வருகிறது.

எப்படிப் பாடமாகிறது? அதைத்தான் கேட்கிறோம்.

நாமும் கலைக் கல்லூரியில் அதைப் படித்தவர்தாம். தேர்வுக்கு என்று சில வினாக்கள் உண்டு. நாடகத்தின் தலைவன் சீசரா, புரூட்டஸா? காசியஸின் குணநலன் யாது? அந்தோணியின் சொல்வன்மையை விளக்குக! இவற்றுக்கு விடை உருப்போட்டோம், பட்டம் பெற்றோம். இன்று ஆசிரியராக நிற்கையில், நம் மாணவர் பேச்சுப் போட்டிக்கு அந்தோணியின் உரையை நெட்டுருச் செய்வதைக் காண்கிறோம். பிணத்தின்மீது போர்த்திய மேலங்கியை விலக்குவதுபோல் கை அசைகிறது, குரல் தழுதழுக்கிறது, அவை அதிர்கிறது, கோப்பை கிடைக்கிறது. அத்துடன் திரை விழுகிறது!

ஆனால், சேக்ஸ்பியர் அங்கே திரையிடவில்லை. அந்தோணியின் பேச்சு முடிந்த உடனே ஒரு சிறு காட்சி வைத்தார். படிக்க ஐந்து நிமிடமும் பிடிக்காத காட்சி. தேர்வில் அது வருவதில்லை. மேடையில் அதை நடிப்பாரும் அரியர். நாடகத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து.

சின்னா என்று ஒரு கவிஞன். சீசரின் நண்பன். அவன் இறுதிச் சடங்குக்குச் செல்லத் தெருவில் இறங்குகிறான். அந்தோணியின் பேச்சைக் கேட்டுக் கொதித்து வந்த கூட்டம் அவனை மறிக்கிறது. உன் பெயர் என்ன? எங்கே போகிறாய்? எங்கே குடியிருக்கிறாய்? மணமானவனா? நான்கு வினாக்கள்! பெயர் சின்னா என்கிறான். சீசரைக் கொன்ற சதிகாரரில் ஒருவனுக்கும் அதே பெயர். கொல்லுங்கள் என்று கூச்சல். நான் அவனல்லேன், கவிஞன் என்று கதறுகிறான். அப்படியானால் மோசமான கவிதை எழுதியதற்காகக் கொல்லுங்கள் என்கிறான் ஒருவன். ஆளைப்பற்றிக் கவலை இல்லை, அந்தப் பெயர் இருக்கிறதே, அது போதும் என்கிறான் இன்னொருவன். முடிந்தது. ஆட்கொலையைச் சிரித்துக்கொண்டே செய்துவிட்டுக் கூட்டம் தீவட்டியோடு அடுத்த வீட்டை நோக்கி ஓடுகிறது.

தோழர்களே, பெயரைக் கேட்டு ஆளை எடைபோடும் கொடுமை உரோமுக்கு மட்டுமா உரியது? 1916இல் பார்ப்பனரல்லாதார் அறிக்கையை வெளியிட்ட பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கிய தியாகராய நகரிலே, பனகல் அரசரின் பெயர் பூண்ட பூங்காவுக்கு அருகிலே, வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள். உன் பெயர் என்ன? அப்பா பெயர்? சொந்த ஊர் எது? அசைவம் உண்டா? இங்கும் நான்கு வினாக்கள்தாம்! விடை சொன்ன மறுகணம், வீடு நேற்றே முடிந்துவிட்டது என்பார்கள். சாதி மாறிக் காதலித்தவன் தலை துண்டாடப்படும் செய்தியிலும் முதலில் விசாரிக்கப்படுவது பெயரும் தெருவுமே. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னுள்ள சாதிப்பட்டத்தை வெட்டியெறியச் சொன்னது வெறும் அலங்காரத்துக்காக அன்று. சின்னாக்களைக் காப்பதற்காகத்தான்!

கூட்டம் அந்த நிலைக்கு எப்படி வந்தது? படிப்படியாகக் காண்போம்.

முதலில் பேசியவன் புரூட்டஸ். நாணயமானவன், தன்னலம் அற்றவன். ஆனால் அவன் மக்களுக்குத் தந்தது என்ன? சீசர் பேரவா கொண்டவன், ஆகையால் கொன்றேன் என்றான். சான்று? காரணங்கள் ஆட்சி மன்ற ஏட்டில் பதிவாகியுள்ளன என்றான், ஏட்டைக் காட்டினானில்லை. நள்ளிரவில் தன் தோட்டத்தில் தனியே நின்றபோது, சீசர் இதுவரை தவறியதாகத் தனக்குத் தெரியவில்லை, இனிமேல் தவறக்கூடும் என்றுதானே எண்ணினான்! அதை மக்களிடம் சொன்னானா? இல்லை. மக்களும் கேட்டார்களா? இல்லை. என் பெயரின் மதிப்பை நம்புங்கள் என்றான், நம்பினார்கள். முடியாட்சி வரக்கூடாதென்று கொலை செய்தவனைப் பார்த்து, இவனையே சீசராக்குவோம் என்று முழங்கினார்கள். என்ன புரிந்துகொண்டார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அடுத்து வந்தவன் அந்தோணி. நேர்மையாக ஒன்று சொல்லிவிடுவோம்: தொடக்கத்தில் அவன் சான்று தருகிறான். போரில் பிடித்தவர்களின் மீட்புப் பணத்தைச் சீசர் பொதுக் கருவூலத்தில் சேர்த்தான், மும்முறை நீட்டிய முடியை மறுத்தான் என்கிறான். கேட்போரில் ஒருவன், இவன் பேச்சில் நியாயம் இருக்கிறது என்கிறான். அந்த ஒரு கணம் அறிவு விழித்திருக்கிறது. பிறகு அந்தோணி சான்றை விட்டுவிட்டுச் சவத்தைக் காட்டுகிறான். மேலங்கியின் ஓட்டைகளைத் தொட்டு, இது காசியஸின் கத்தி, இது புரூட்டஸின் கத்தி என்று கணக்குச் சொல்கிறான். குத்து நடந்த வேளையில் அந்தோணி அங்கே இருந்தானா? இல்லையே! திரெபோனியஸ் அவனை முன்பே வெளியே அழைத்துச் சென்றுவிட்டான். எந்த ஓட்டை எவன் கத்தி என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கண்ணீர் வழிந்த கண்களுக்கு அந்தக் கேள்வி தெரியவில்லை.

அதன்பின் உயில். ஆளுக்கு 75 திராக்மா; ஆற்றங்கரைத் தோட்டங்கள் எல்லாம் பொதுமக்களுக்கு! கேட்டார்கள், கிளர்ந்தார்கள், கொளுத்தினார்கள். கொளுத்திய கையோடு சின்னாவையும் கொன்றார்கள்.

அந்த 75 திராக்மா என்னவாயிற்று? நம் மாணவர் எவரும் கேளாத வினா இது. அடுத்த அங்கத்தின் முதற் காட்சியைப் பாருங்கள். அந்தோணியும் ஒக்டேவியஸும் லெப்பிடஸும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, யார் யாரைக் கொல்வது என்று பட்டியல் போடுகிறார்கள். ஒருவன் தன் உடன்பிறப்பையே விட்டுக்கொடுக்கிறான். மற்றவன் தன் சகோதரியின் மகனை விட்டுக்கொடுக்கிறான். அந்தப் பேச்சினிடையே அந்தோணி, சீசரின் உயிலை எடுத்து வரச் சொல்கிறான். எதற்கு? கொடுத்தாக வேண்டிய தொகைகளில் எதையெதைக் குறைக்கலாம் என்று பார்ப்பதற்கு! எந்த உயிலைக் காட்டி மக்களை எரியவிட்டானோ, அதே உயிலில் கத்தரிக்கோல்! மக்கள் அப்போது எங்கே? மேடையில் இல்லை. அதன்பின் நாடகம் முடியும்வரை அந்தக் கூட்டம் மேடைக்கு வரவே இல்லை. வேலை முடிந்தது, அனுப்பப்பட்டார்கள். வாக்குக்கு நோட்டு வாங்கும் கைகள் இந்தக் காட்சியை ஒருமுறை படித்தால் நடுங்காதா?

பகுத்தறிவாளர் சிலர் நம்மைக் கேட்பர்: குறிகாரன் சொன்னபடியே சீசர் சாகிறானே, இது மூடநம்பிக்கைக்கு முட்டுக்கொடுக்கும் நாடகமன்றோ? ஊன்றிப் பார்த்தால் உண்மை தெரியும். கல்பூர்ணியா கண்ட கனவைத் தீய குறி என்று சீசர் அஞ்சுகிறான். சதிகாரன் டீசியஸ் வந்து அதே கனவுக்கு நற்பொருள் கூறி அவனை மன்றத்துக்கு அழைத்துப் போகிறான். ஒரே கனவு, இரண்டு பொருள். சொல்பவனின் தேவைக்கேற்பக் கனவு வளைகிறது! மாந்தர் பொருள்களின் நோக்கத்தை விட்டுவிட்டுத் தம் மனம்போலப் பொருள் கொள்வர் என்று சிசரோ முன்பே எச்சரிக்கிறார். இவற்றுக்கெல்லாம் மேலாக, அர்ட்டெமிடோரஸ் என்பான் சதிகாரர் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிய தாளைச் சீசரிடம் நீட்டுகிறான். குறியும் கனவும் செய்ய முடியாததை அந்தத் தாள் செய்திருக்கும். சீசர் படிக்கவில்லை. கனவைப் பற்றி வாதாட நேரமிருந்தவனுக்குத் தாளைப் படிக்க நேரமில்லை!

தாள் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. புரூட்டஸைச் சதிக்குள் இழுத்தது எது? சாளரத்தின் வழியே எறியப்பட்ட மொட்டைக் கடிதங்கள்! பல குடிமக்கள் எழுதியவைபோலக் காசியஸ் வெவ்வேறு கையெழுத்தில் ஏற்பாடு செய்தவை. பாதி வாக்கியம்தான் இருக்கும். மீதியைப் புரூட்டஸே நிரப்பிக்கொள்கிறான். அன்று சாளரம்; இன்று கைப்பேசி. எழுதியவர் எவரென்று தெரியாத செய்தி நள்ளிரவில் வந்து விழுகிறது. மீதியை நாமே நிரப்பிக்கொண்டு, காலைக்குள் நாற்பது பேருக்கு அனுப்பிவிடுகிறோம். நாணயமானவன் ஏமாறமாட்டான் என்பது பொய். தன் நாணயத்தில் மயங்கியவனே எளிதில் ஏமாறுகிறான்.

நம் நாடகங்களிலும் சதி உண்டு. 1891இல் பேராசிரியர் சுந்தரனார் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நமக்குத் தமிழ்த்தாய் வாழ்த்தைத் தந்த நூல். அதில் அமைச்சன் குடிலன், சீவக பாண்டியனின் அரியணைக்குக் குழிபறிக்கிறான். அறிஞர் அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து இராஜ்யம்' நாடகத்தில், வாளால் நாடு வென்றவன் முடிசூடக் காகபட்டரின் ஒப்புதல் தேவைப்படுகிறது. குடிலனைக் கண்டதும் வெறுக்கிறோம். காகபட்டரைக் கண்டதும் அடையாளம் தெரிகிறது. அவை தேவையான பாடங்கள்; எதிரியைக் காட்டும் பாடங்கள். சீசர் நாடகமோ நம்மையே நமக்குக் காட்டுகிறது. அதில் கொலைகாரன் நல்லவன், கொலையுண்டவன் முழுத் தீயவன் அல்லன், பேச்சாளன் வல்லவன், ஏமாந்தவர் மட்டும் நம்மைப் போன்றவர்.

ஆங்கிலேயன் நாடகம் நமக்கெதற்கு என்று ஒதுக்குவார்க்கும் ஒரு சொல். அடிமைத்தளை அறுத்த ஆப்பிரிக்கர் அதை ஒதுக்கவில்லை. டாங்கனிக்காவின் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரி அதைச் சுவாகிலி மொழியில் பெயர்த்து 1963இல் வெளியிட்டார். தென்னாப்பிரிக்காவின் இராபன் தீவுச் சிறையில், இந்திய வழியினரான சோனி வெங்கடரத்தினம், சேக்ஸ்பியர் நூலின்மேல் சாமி படங்களை ஒட்டி, காவலரிடம் அதை மதநூல் என்று கூறிக் காப்பாற்றினார். கடவுளர் படம் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதானோ! கைம்மாறிச் சென்ற அந்த நூலில், நெல்சன் மண்டேலா 1977ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் கையொப்பமிட்டது இந்தச் சீசர் நாடகப் பக்கத்தில்தான். இட்லரும் முசோலினியும் கொக்கரித்த 1937இல் நியூயார்க்கில் ஆர்சன் வெல்ஸ் இதை அக்கால உடையிலே அரங்கேற்றினார். அப்போது பார்த்தவர் நெஞ்சை உலுக்கிய காட்சி எது தெரியுமா? நம் பாடநூல்கள் தாண்டிச் செல்லும் சின்னாவின் காட்சியே!

தாம் சொல்வதை அப்படியே நம்பாதீர், உங்கள் அறிவைக்கொண்டு ஆராய்ந்து சரியெனப்பட்டால் மட்டும் கொள்ளுங்கள் என்று மேடைதோறும் சொன்னவர் பெரியார். யார் வாயிலிருந்து வந்தாலும் பொருளின் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்றவர் வள்ளுவர். அந்தோணி ஒருநாளும் அப்படிச் சொல்லமாட்டான். நல்ல பேச்சாளனுக்கும் நாட்டைக் கெடுக்கும் பேச்சாளனுக்கும் வேறுபாடு குரலில் இல்லை. கேள்வி கேட்க இடம் கொடுக்கிறானா என்பதில் இருக்கிறது. இந்த அளவுகோலை மாற்றார் மேடைக்கு மட்டும் பிடித்துவிட்டு நம் மேடைக்கு மறைத்துவிட்டால், நாமும் தீவட்டி ஏந்திய கூட்டமே. நம் கொள்கைக்காரன் சொல்லிவிட்டான் என்று ஆராயாமல் கைதட்டிய நாள்கள் நமக்கும் உண்டு, மறைப்பானேன்?

வகுப்பில் ஒரு மாற்றம் செய்து பார்த்தோம். அந்தோணியாக ஒரு மாணவன் நின்றான். மற்றவரிடம், கைதட்ட வேண்டா, ஆளுக்கொரு கேள்வி எழுதுங்கள் என்றோம். முதலில் திகைத்தனர். பிறகு தாள்கள் வந்தன. உயிலை எங்கள் கையில் தருவாயா என்று ஒருவன் எழுதியிருந்தான். குத்தும்போது நீ அங்கே இருந்தாயா என்று பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள். அந்த ஒரு கேள்வியை உரோமில் ஒருவர் கேட்டிருந்தால் போதும், சின்னா பிழைத்திருப்பான்.

மாங்கொல்லையில் மீண்டும் கூட்டம் கூடும், மேடை எழும், சொல்லோவியங்கள் தீட்டப்படும். செல்லுங்கள், கேளுங்கள், சுவையுங்கள். வீடு திரும்பும் வழியில் ஒரு கேள்வியை மட்டும் உடன் அழைத்து வாருங்கள்: அவர் காட்டிய உயிலை நாம் படித்தோமா?