கண்ணாடிக் குளியலறை

குளியலறையைப் பற்றி ஒரு விமரிசனம் எழுதப் போகிறேன் என்று சொன்னதும் பத்திரிகாசிரியர் டெலிபோனில் சற்று நேரம் பேசாமலிருந்தார். போன தடவை ஒரு நாவலைப் பற்றி நான் எழுதியதற்கு வந்த கடிதங்களே அவருக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. "கப்பல் குளியலறைதான், பயப்படாதீர்கள். அது பதில் கடிதம் எழுதாது" என்றேன். நாவலை விமரிசிக்கிறவன் குளியலறையை விமரிசிக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றுமில்லை. இரண்டும், முகம் தெரியாத பலபேர் உள்ளே வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவதற்காக யாரோ ஒருவர் கட்டி வைப்பவைதான்.

தீபாவளி முடிந்ததும் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளைச் சில வாரங்கள் மூடிவிடுவார்கள். வருஷம் முழுவதும் லைசென்ஸ், சரக்கு, பாக்கி வசூல் என்று ஓடுகிற முதலாளிகள் அப்போதுதான் மூச்சு விடுவார்கள். என் பெரியம்மா மகனுக்கு அங்கே ஒரு சிறிய ஆலை உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்பு அந்த ஓய்வில் அண்ணாச்சி குடும்பத்தோடு சிங்கப்பூருக்குப் போய், அங்கிருந்து நாலு ராத்திரி கப்பலில் சுற்றிவரக் கிளம்பினார். "கதை எழுதுற ஆளு, கடலைப் பாத்தா நாலு கதை வரும்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வந்தது இந்தக் கட்டுரை ஒன்றுதான். எந்தக் கப்பல் என்று நான் சொல்லப் போவதில்லை. குற்றம் ஒரு கப்பலுடையது அல்ல.

அண்ணாச்சி, மதினி, காலேஜில் படிக்கும் மகள், எழுபத்திரண்டு வயதுப் பெரியம்மா ஆகிய நாலு பேருக்கும் ஓர் அறை. கீழே இரண்டு படுக்கை, சுவரிலிருந்து மடக்கி இறக்குகிற மேல்படுக்கை இரண்டு. பட்டாசு ஆலையின் வேலை அறை ஒன்றில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்பது விதி. அண்ணாச்சி உள்ளே நுழைந்ததுமே அந்தக் கண்ணோடு சுற்றிப் பார்த்தார். "ஆளுக்கணக்கு சரி. கதவுதான் உள்பக்கம் தெறக்குது" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். குளியலறைக் கதவை அவர் கவனிக்கவில்லை. நானும்தான் கவனிக்கவில்லை.

அந்தக் கதவு கண்ணாடி. பக்கத்துச் சுவரும் கண்ணாடி. பால் கலந்தாற்போல் வெளுத்த கண்ணாடியாதலால் பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி அறை விளக்கை அணைத்தபின் யாராவது உள்ளே போய் விளக்கைப் போட்டால் தோல்பாவைக் கூத்துத்தான். முதல் ராத்திரி மருமகளின் நிழலைப் பார்த்த பெரியம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். காப்பியை உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வைத்தாள். யாருக்கும் தெரியவில்லை. சாயந்திரம் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். கப்பல் டாக்டர் சோதித்துவிட்டு, உடம்பில் தண்ணீர் போதவில்லை, வேறொன்றுமில்லை என்றார்.

"ஏத்தே, தண்ணி குடிக்கிறதுக்கு என்ன?" என்று மதினி கேட்டாள்.

"குடிச்சா அங்க போகணும்ல. மேல மகன் படுத்திருக்கான், பேத்தி படுத்திருக்கா. அந்த வெளிச்சத்துக்குள்ள போயி நான் எப்படித் தாயி குத்தவைக்க?"

மதினி மறுபேச்சுப் பேசவில்லை. பெட்டியிலிருந்து ஒரு பழைய சுங்குடிச் சேலையை எடுத்தாள். யோசனை சொன்னவளும் பெரியம்மாதான். 1926-இல் கட்டப்பட்ட 'ராஜுலா' என்ற கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் எழுபதுகளின் தொடக்கம் வரை ஜனங்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. பெரும்பாலோருக்கு அறை கிடையாது, தளத்தில்தான் பாய் விரிப்பு. தாத்தா பினாங்கில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பெரியம்மாவுக்கு ஆறு வயதாயிருந்தபோது பாட்டி அவளைக் கூட்டிக்கொண்டு அந்தத் தளத்தில்தான் போனாளாம். துணி மாற்றுவதென்றால் நாலு பெண்கள் நாலு சேலையைப் பிடித்துக்கொண்டு, வெளிப்பக்கம் பார்த்து நிற்பார்களாம். பிடிக்கிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது தளத்துச் சட்டம். தளத்தில் பாய் விரித்துப் போனவர்களுக்கு இருந்த ஸௌகரியத்தை, தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டிப் போன பேரன் பேத்திகள் பெட்டியைத் திறந்து தேட வேண்டியிருந்தது.

காலையில் அறையைத் துப்புரவு செய்ய வந்த பையன் அந்தச் சேலையை எடுத்து, அழகாக மடித்துப் படுக்கைமேல் வைத்துவிட்டுப் போனான். சாயந்திரம் மதினி போய்ப் பார்த்தபோது அதை அவனே கண்ணாடியில் கட்டிவிட்டிருந்தான். அவனுக்குத் தமிழும் தெரியாது, மதினிக்கு அவன் பாஷையும் தெரியாது.

ஊருக்கு வந்தபின் இந்தக் கப்பல் அறைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இந்த விஷயத்தில் மிகவும் பேசப்பட்டது, 2010-இல் பிரான்ஸிலுள்ள ஸான் நாஸேர் துறைமுகத்தில் கட்டி முடித்த 'நார்வீஜியன் எபிக்' என்ற பெரிய கப்பல். அதன் அறைகளின் சுவர்கள் அலைபோல் வளைந்திருக்கும். அறைக்குள் நுழைந்ததும் ஒரு பக்கம் கக்கூஸ், எதிர்ப்பக்கம் குளிக்கிற இடம். இரண்டுக்கும் மங்கல் கண்ணாடி அடைப்பு. கை கழுவுகிற தொட்டி படுக்கைப் பக்கத்திலேயே. இவற்றையும் படுக்கையையும் பிரிப்பதற்கு ஒரு திரைச்சீலை. படங்களைப் பார்த்தேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பிரயாணிகள் பட்ட சங்கடத்தைப் பிரயாணிகளே நிறைய எழுதியிருக்கிறார்கள். அதே கம்பெனி 2013-இல் அடுத்த கப்பலை விட்டபோது, எல்லாவற்றையும் பழையபடி கதவு போட்ட ஒரே குளியலறைக்குள் வைத்துவிட்டது. ஓர் ஆசிரியர் தம் அடுத்த புத்தகத்தில் முந்தைய புத்தகத்தின் தவறை ஒப்புக்கொள்வது எவ்வளவு அபூர்வம் என்பது விமரிசகனுக்குத் தெரியும். அந்த வகையில் கம்பெனியைப் பாராட்டுகிறேன்.

கக்கூஸையும் குளிக்கிற இடத்தையும் பிரித்ததுதான் தவறு என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்பவில்லை. 1998-இல் வந்த 'டிஸ்னி மாஜிக்' கப்பலிலும் பல அறைகளில் பிரித்துத்தான் வைத்தார்கள். ஒன்றில் கக்கூஸும் தொட்டியும், மற்றொன்றில் குளியலும் இன்னொரு தொட்டியும். குழந்தை குட்டிகளோடு வருகிறவர்கள் அதைக் கொண்டாடினார்கள். ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் காத்துக்கொண்டு நிற்க வேண்டாம். அங்கே ஒவ்வொன்றுக்கும் சுவர் உண்டு, கதவு உண்டு. யோசனை ஒன்றுதான். ஒன்று, வீட்டில் நாலு பேர் இருப்பார்கள் என்று நினைத்துச் செய்தது. மற்றது, அறைக்குள் இளம் தம்பதி ஒன்றுதான் இருக்கும், அவர்களுக்குள் மறைவென்று ஒன்றும் வேண்டாம் என்று நினைத்துச் செய்தது. அப்படிப்பட்ட தம்பதிக்குக்கூடக் காலையில் வயிறு சரியில்லாமல் போகும் என்பதை வரைந்தவர் மறந்துவிட்டார். ஒரே ஒரு பாத்திரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதிய நாவல் மாதிரி. கிழவி வருவாள், வயது வந்த பெண் வருவாள், நோயாளி வருவான் என்பது அந்தக் கதையில் இல்லை.

கண்ணாடி ஏன் வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கப்பலின் நீளம் கட்டுப்பட்டது. அறையை அகலமாக்கினால் அறைகளின் எண்ணிக்கை குறையும், வருமானமும் குறையும். ஆகவே அறை நீண்டு குறுகியிருக்கிறது. வாசலருகே குளியலறையை வைத்தால் பாதி இருட்டு, பாதி நெருக்கடி. சுவருக்குப் பதில் கண்ணாடி போட்டால் வெளிச்சம் ஊடுருவும், இடம் பெரிதாகத் தோன்றும். தோன்றும் என்பதை அடிக்கோடிட வேண்டும். நட்சத்திர ஹோட்டல்களில் இது முன்னமேயே பரவிவிட்ட மோஸ்தர்.

பழைய மாதிரிக் குளியலறையைப் புகழ்ந்து பாடவும் எனக்கு மனமில்லை. பெரும்பாலும் இவற்றைக் கப்பலில் வைத்துக் கட்டுவதில்லை. தனி ஆலையில் தரை, சுவர், குழாய், கண்ணாடி எல்லாம் பொருத்தி ஒரு பெட்டியாக்கி, தீப்பெட்டியின் அடிப்பெட்டியை மேல்பெட்டிக்குள் தள்ளுவதுபோல் கப்பலுக்குள் தள்ளிவிடுகிறார்கள். எங்கள் ஊர்க்காரனுக்கு இதில் ஆச்சரியமில்லை. கப்பல் ஆடும்போது தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசற்படி உயரம். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது ஒரு மலை. கக்கூஸில் தண்ணீருக்குப் பதில் காற்று இழுக்கிறது. சுமார் ஒரு லிட்டர் தண்ணீரில் காரியம் முடிந்துவிடும், ஆனால் அந்தச் சத்தத்தில் மேல்படுக்கைக்காரர் எழுந்து உட்காருவார். குளிக்கிற இடத்துத் திரைச்சீலையோ ஈரத்தோடு வந்து உடம்பில் ஒட்டிக்கொள்ளும். திரை ஏன் உள்நோக்கி வந்து ஒட்டுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்த ஓர் அமெரிக்கருக்கு 2001-இல் இக்நோபல் என்ற வேடிக்கைப் பரிசு கொடுத்தார்கள். இவ்வளவு குறை இருந்தாலும் அந்தப் பெட்டிக்கு நாலு பக்கமும் மறைவு உண்டு. அந்த ஒன்றுக்காக மற்றதையெல்லாம் மன்னிக்கலாம்.

நம்முடைய பழைய வீடுகள் மேல் என்று யாராவது சொல்ல வருவார்கள். நான் பிறந்த விருதுநகர் வீடு, தெருவாசலிலிருந்து பின்சந்து வரை ரயில்பெட்டி மாதிரி நீளம். கக்கூஸ் கடைசியில், சந்தை ஒட்டி. குளியல் கிணற்றடியில், ஓலைத்தட்டி மறைவில். வீட்டுப் பெண்கள் இருட்டோடு எழுந்து, ஆண்கள் கண் விழிப்பதற்குள் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பின்சந்து எதற்காக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேறொரு பெண் வாளியோடு வந்து, நம்முடையதைக் கையால் அள்ளிக்கொண்டு போவதற்காக. அதைத் தடுக்க 1993-இலும், மறுபடி 2013-இலும் சட்டம் போட வேண்டியிருந்தது. நாம் மறைவாக இருப்பதற்கு அவள் தன் மானத்தை விட வேண்டியிருந்தது. ஆகையால் பழைய வீட்டுப் பெருமை எனக்கு வேண்டாம்.

விருதுநகரில் எல்லோரும் சொல்கிற கதை ஒன்று உண்டு. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, அவருடைய தாயார் சிவகாமி அம்மாள், வீட்டைப் பார்க்க ஆட்கள் நிறைய வருகிறார்கள், ஒரு கக்கூஸ் கட்ட வேண்டும், பணம் வேண்டும் என்று சொல்லியனுப்பினாராம். மகன் மறுத்துவிட்டாராம். முதல் மந்திரி வீட்டில் கட்டடம் எழும்புகிறது என்று ஊர் பேசும் என்பது அவர் காரணம். அந்த நேர்மையைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். நானும் அதைக் கும்பிடுகிறவன்தான். ஆனால் கப்பலிலிருந்து திரும்பியபின், அந்தக் கதையை யாராவது சொன்னால் என் மனம் மகனை விட்டுவிட்டுத் தாயாரிடம் போய் நிற்கிறது. இத்தனை வருஷமாகக் கதை சொன்னவர்களில் ஒருவராவது அந்த அம்மாள் மறுநாள் காலையில் என்ன செய்தாள் என்று சொன்னதில்லை.

கப்பலில் கடைசி ராத்திரி. சாப்பாட்டு மேஜையில் பெரியம்மா இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பேச்சு அண்ணாச்சியின் ஆலைக்குப் போயிற்று. அலுமினியப் பவுடர் புழங்குகிற அறைகளில் வேலை செய்கிற பெண்கள் சாயந்திரம் முகமும் கையும் வெள்ளி பூசினாற்போல் வெளியே வருவார்கள். 1948-ஆம் வருஷத்து ஃபாக்டரிச் சட்டம், கழுவுகிற இடம் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, போதிய மறைப்போடு இருக்க வேண்டும் என்றது. கக்கூஸ் அடைப்போடு தனித்தனியாக வேண்டும் என்றது. நாங்கள் ஏறிய கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கும், ஆணுக்கு வேறு பெண்ணுக்கு வேறு என்று 2006-ஆம் வருஷத்து சர்வதேச உடன்படிக்கை சொல்கிறது. கூலி வாங்குகிறவர்களுக்குச் சட்டம் வைத்த மறைப்பைக் காசு கொடுக்கிறவர்களிடமிருந்து மோஸ்தர் எடுத்துவிட்டதே என்று நான் கொஞ்சம் பிரசங்கமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மதினி என்னைக் கவனிக்கவில்லை. "நம்ம ஆலையில பொம்பளைக பகல்ல தண்ணி குடிக்கிறாகளா?" என்று அண்ணாச்சியைக் கேட்டாள்.

"ஏன் குடிக்காம? கக்கூஸ் கட்டித்தான் விட்டிருக்கு. இன்ஸ்பெக்டரே வந்து பாத்துட்டுப் போயிட்டாரு."

"தாழ்ப்பா இருக்கா?"

அண்ணாச்சி அதற்குப் பதில் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பெரியம்மாவுக்கு ஒரு கிண்ணத்தில் தயிர் வாங்கிக்கொண்டு வந்தார்.

ஊர் வந்து சேர்ந்த நாலாம் நாள் விருதுநகரில் ஓர் இரும்புக் கடையிலிருந்து எனக்கு டெலிபோன் செய்தார். "தம்பி, வெளிப்பக்கம் தெறக்கிற கதவுக்கு உள்ளேருந்து போடுற தாழ்ப்பா எது தோதா இருக்கும்? ஆறு வேணும்" என்றார். கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? கடைக்காரரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.