கடிகாரம் இல்லாத ஊர்

ஆவடியைத் தாண்டி வெள்ளானூரில் குடியிருக்கிறேன். எங்கள் ஊரின் இரவு வாழ்க்கை சுமார் பத்து மணிக்கு முடிந்துவிடும். பரோட்டாக் கடைக்காரர் கல்லைக் கழுவிவிட்டால் ஊர் படுத்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் விழித்திருப்பவை நாய்கள், கல்லூரி விடுதி விளக்குகள், ஷிஃப்ட் முடிந்து திரும்பும் டூ-வீலர்கள். 1955-ல் காங்கிரஸ் மாநாடு கூடி ‘சோஷலிச பாணி சமுதாயம்’ என்று தீர்மானம் போட்டது இந்த ஆவடியில்தான். அதனாலோ என்னவோ, உல்லாசம் என்றாலே எங்களுக்குக் கொஞ்சம் கூச்சம்.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து போன என்னை, நண்பர் ஒருவர் கோவாவில் காஸினோ கப்பலுக்கு இழுத்துக்கொண்டு போனார். “சும்மா வேடிக்கை பாருங்க சார். ஆடணும்னு கட்டாயமில்ல” என்றார். அந்த ‘சும்மா’தான் இந்த வாரம் என் பிரச்னை.

கப்பல் என்றதும் நடுக்கடலைக் கற்பனை செய்யாதீர்கள். பனாஜி ஊருக்கு எதிரே, மாண்டவி ஆற்றில், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கிறது. படகில் ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுத்து முடிப்பதற்குள் கப்பல் வந்துவிடுகிறது. கோவாவின் சூதாட்டச் சட்டத்தில் 1992-ல் ஒரு திருத்தம் வந்து, ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில் காசு போட்டு இழுக்கும் இயந்திரங்களை அனுமதித்தார்கள். 1996-ல் கப்பல்களில் மேஜை ஆட்டங்களுக்கும் இடம் கொடுத்தார்கள். தரையில் செய்தால் பாவம், தண்ணீரில் செய்தால் சுற்றுலா. கங்கையில் முழுகினால் பாவம் போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மாண்டவிக்கும் அந்த சக்தி உண்டு போலிருக்கிறது.

உள்ளே போவதற்கு ஒரு தொகை. அதிலேயே சாப்பாடு, குடி, ஆடுவதற்குக் கொஞ்சம் சில்லுகள், மேடை நிகழ்ச்சி எல்லாம் அடக்கம். அந்த இனாம் சில்லுகளைக் காசாக்க முடியாது. ஆடித்தான் தீர்க்க வேண்டும். ‘கட்டாயமில்ல’ என்பது இவ்வளவுதான்.

மேடைக்கு வருவோம். நான் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்தில் பழைய ஹிந்திப் பாட்டுக்கு வெளிநாட்டுப் பெண்கள் நால்வர் ஆடினார்கள். பாட்டின் அர்த்தம் தெரியாமல் சிரித்த சிரிப்பு, காலண்டர் சிரிப்பு. ஒரு மாஜிக்காரர் சீட்டுக் கட்டை விசிறி, காணாமல்போன ராணியை ஒருவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். நல்ல கைவேலை. ஆனால் பார்த்தவர்கள் இருபது பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் மேடைக்கு முதுகு காட்டி மேஜைகளைச் சுற்றி நின்றார்கள். பக்கத்து மேஜையில் மாஜிக்காரரைவிடச் சிறப்பாகப் பணம் மறைந்துகொண்டிருந்தது.

நம் பழைய படங்களில் வில்லனின் ரகசிய இடத்தில் ஜோதிலட்சுமி, ஜெயமாலினி ஆடுவார்கள். செட் அட்டை, சுவர் சுழலும், எல்லாம் அபத்தம். ஆனால் அந்த ஆட்டத்தில் உயிர் இருந்தது. கேமரா அவர்களைப் பார்த்தது, தியேட்டரே பார்த்தது. இங்கே கலைஞர், யாரும் பார்க்காத டி.வி. மாதிரி. அவரைக் கொண்டுவந்தது ரசிப்பதற்காக அல்ல, நாம் கிளம்பாமல் இருப்பதற்காக.

லாஸ் வேகாஸும் இப்படித்தான் ஆரம்பித்தது. மலிவான அறை, மலிவான சாப்பாடு, நல்ல பாட்டு, எல்லாம் சூதாட்ட மேஜைக்கு ஆள் பிடிக்க. ஆனால் அங்கே பாட ஃபிராங்க் சினாட்ரா வந்தார். 1969-ல் எல்விஸ் பிரெஸ்லி வந்தார். 2003-ல் செலின் டியோனுக்காக ஓர் அரங்கமே கட்டினார்கள். கடைசியில் தூண்டில் புழு மீனைவிடப் பெரிதாகிவிட்டது. இன்று அங்கே பெரிய விடுதிகளுக்கு அறை, சாப்பாடு, கச்சேரியில் வரும் வருமானம் சூதாட்ட வருமானத்தைவிட அதிகம். நம் கப்பல்கள் வேகாஸிடமிருந்து வண்ண விளக்கை இறக்குமதி செய்தன. பாட்டை விட்டுவிட்டன.

ஒரு சின்னக் கணக்கு. ரூலெட் சக்கரத்தில் பூஜ்யத்தையும் சேர்த்து 37 எண்கள். நீங்கள் மகா ஜாக்கிரதைப் பேர்வழி, எல்லா எண்ணிலும் ஒவ்வொரு ரூபாய் வைக்கிறீர்கள். ஜெயித்த எண்ணுக்கு, வைத்த ரூபாயையும் சேர்த்துத் திரும்பி வருவது 36. ஒரு ரூபாய் கடைக்காரருக்கு. அமெரிக்கச் சக்கரத்தில் இரண்டு பூஜ்யம், இரண்டு ரூபாய் போகும். ஏமாற்று வேலையே கிடையாது. நேர்மையாகவே தோற்கலாம். செய்ய வேண்டியதெல்லாம் நீங்கள் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வது. காஸினோவில் ஜன்னலும் சுவர்க் கடிகாரமும் இல்லாததன் ரகசியம் இதுதான். நான் தேடினேன். இல்லை.

இது உல்லாசம்தான் என்றால், உள்ளூர்க்காரருக்கு ஏன் தடை? 2020 பிப்ரவரி முதல் கோவாவாசிகள் அந்தக் கப்பல்களில் ஆடக் கூடாது. மொனாக்கோ குடிமக்களுக்கு மான்டி கார்லோவில் ஆட அனுமதி இல்லை. சிங்கப்பூரில் 2010-ல் இரண்டு காஸினோக்கள் திறந்தபோது, சொந்தக் குடிமக்களுக்கு நாளொன்றுக்கு 100 டாலர் நுழைவு வரி போட்டார்கள். 2019-ல் அது 150 ஆனது. வெளிநாட்டுக்காரர் பாஸ்போர்ட்டைக் காட்டினால் இலவசம். புதுக்கோட்டையிலிருந்து கட்டட வேலைக்குப் போனவருக்கும் இலவசம்தான். தன் கடைப் பலகாரத்தைத் தன் பிள்ளைக்குக் கொடுக்காத கடைக்காரரைப் பற்றி நாம் என்ன நினைப்போம்? காஸினோ பற்றி இதைவிடக் கறாரான விமரிசனத்தை எந்த எழுத்தாளரும் எழுதிவிட முடியாது. அதை எழுதியவை அந்தந்த அரசாங்கங்களே.

நாம் யோக்கியமா என்று கேட்கிறீர்களா? தமிழ்நாட்டில் 1968-ல் அரசே லாட்டரி நடத்த ஆரம்பித்தது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்றார்கள். கூலி வாங்கிய கையோடு சீட்டு வாங்கியவர்களின் வீட்டுக்கு விழுந்தது என்னவென்று பார்த்த பிறகு, 2003-ல் நிறுத்தினார்கள்.

அப்புறம் கப்பல் செல்போனில் ஏறி வெள்ளானூருக்கே வந்தது. எங்கள் தெருவில் ஒரு பையன், இன்ஜினீயரிங் படித்தவன், நல்லவன். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் மோட்டார் போட எழுந்த நான், மொட்டை மாடியில் அவன் முகத்தில் மட்டும் நீல வெளிச்சத்தைப் பார்த்தேன்.

“என்ன தம்பி, தூங்கல?”

“சும்மா அங்கிள். ரம்மி.”

மறுபடி அதே ‘சும்மா’. ஆறு மாதம் கழித்து அவன் அம்மா கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறுதான் இருந்தது. அவன் அப்பா இப்போது யாரிடமும் நின்று பேசுவதில்லை. அங்கே ஆட்டம், பாட்டம், பஃபே எதுவுமில்லை. சூதாட்டத்தின் மேல் போர்த்தியிருந்த உல்லாசத்தை உருவிவிட்டு, எலும்பை மட்டும் கையில் கொடுத்திருந்தார்கள். அவன் அதையும் பொழுதுபோக்கு என்றுதான் நம்பினான்.

தமிழ்நாடு 2022-ல் தடைச் சட்டம் போட்டது. 2023 நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றை முழுவதும் தடுக்க முடியாது என்றது உயர் நீதிமன்றம். 2025 பிப்ரவரியில் வந்த விதிமுறைகள், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்றன. ஜூனில் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம், இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த 12 முதல் 5. காஸினோவுக்குள் ஒருவர் முதன்முறையாக ஒரு சுவர்க் கடிகாரத்தை மாட்டப் பார்த்திருக்கிறார். சட்டங்கள் வரும், வழக்கு வரும், குறுக்குவழியும் வரும். நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த முறை யாராவது “சும்மா வேடிக்கை” என்று கூப்பிட்டால், போங்கள். உள்ளே நுழைந்ததும் மணி என்ன என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் உட்காராதீர்கள்.

எங்கள் ஊரில் மணி பத்து. கல்லைக் கழுவுகிறார்கள். படுக்கப் போகிறேன்.