காதால் பார்த்த 'அந்த நாள்'

முதல் பந்திலேயே நாயகன் அவுட். படம் தொடங்கும்போதே சிவாஜி கணேசன் குண்டடிபட்டுச் சாய்கிறார். பிறகு வருவதெல்லாம் அவரைப் பற்றி மற்றவர்கள் சொல்வதுதான். போன வாரம் ஏற்காட்டுக் கிளியூரில், அருவிக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்துத் திண்ணையில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு 'அந்த நாள்' படத்தை வெறும் ஒலியாகக் கேட்டேன். ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த காது. கதை எங்கேயும் அறுபடவில்லை.

அறுபடாது. 'ராஷோமான்' பார்த்துவிட்டு வீணை எஸ். பாலச்சந்தர் இதை நாடகமாகத்தான் எழுதினார். அகில இந்திய வானொலி ஏற்கவில்லை. ஏவி.எம். எடுத்துக்கொண்டது, 1954 ஏப்ரலில் படம் வந்தது. பிபிசி வானொலியில் கொடிகட்டிப் பறந்த 'டிக் பார்ட்டன்' துப்பறியும் தொடரை 1948-இல் ஹாமர் நிறுவனம் படமாக்கியது. அங்கே வானொலியில் ஜெயித்தது திரைக்குப் போனது. இங்கே வானொலி வேண்டாமென்றது போனது. கதையில் கொலையுண்ட ராஜனும் ரேடியோ இன்ஜினியர். காலம், சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த 1943 அக்டோபர்.

எங்கள் மலையடிவாரத்துச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் எடுத்த 'திகம்பர சாமியார்' படத்தில் நம்பியார் வேடத்துக்கு வேடம் ஆளே மாறுவார். சிவாஜிக்கு இதில் அந்த வசதி கிடையாது. தம்பி சொல்லும் ராஜன் வேறு, காதலி அம்புஜம் சொல்லும் ராஜன் வேறு. இருவரையும் ஒரே முகத்தில் காட்ட வேண்டும். குரலால் காட்டுகிறார். இரண்டே வருடத்துக்கு முன் 'பராசக்தி' நீதிமன்றத்தில் முழங்கிய தொண்டை இங்கே எவ்வளவு அடங்கிப் பேசுகிறது! பாட்டே இல்லாத படம், எடுத்தவரோ வீணை வித்வான். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

நடு ஆட்டத்தில் ஒரு தொய்வு. ஒரே சொத்துத் தகராறைத் தம்பியும் சொல்ல, அவர் மனைவியும் சொல்ல, கேட்பவருக்கு அலுக்கிறது. அதைத் தூக்கி நிறுத்துவது சி.ஐ.டி.யாக வரும் ஜாவர் சீதாராமன். திரைக்கதையும் அவருடையதே. ஆனாலும் பிறரைப் பேசவிட்டுக் கேட்கிறார், அவசரமே இல்லை.

ஆட்ட நாயகன் விருது என் கையில் இருந்தால் ராஜனின் மனைவியாக வரும் பண்டரிபாய்க்குத்தான் கொடுப்பேன். முடிவு தெரிந்தபின் மறுபடி கேளுங்கள். விசாரணையில் அவர் தயங்கும் ஒவ்வோர் இடத்துக்கும் வேறு பொருள் கிடைக்கிறது.