யாருக்காக எழுதப்பட்ட பேனல்?

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 விமானங்களைத் தரையிறக்கிய விமானிகள் சிலர், இறங்கிய கையோடு சக்கரங்களை உள்ளிழுத்துவிட்டார்கள். உளவியலாளர் அல்போன்ஸ் சபானிஸ் ஆராய்ந்தபோது, சக்கரத்துக்கும் இறக்கை மடிப்புக்கும் உரிய சுவிட்சுகள் ஒரே வடிவில் அருகருகே இருந்தது தெரிந்தது. தொட்டாலே வேறுபாடு தெரியும்படி பிடிகளின் வடிவை மாற்றுவதே அவர் கண்ட தீர்வு. மனித-கணினி ஊடாட்டம் என்று இன்று வழங்கும் துறையின் வேர்களில் ஒன்று இது. இயக்குபவரின் கவனக்குறைவு என்று கோப்பில் ஏறும் பலவும் வடிவமைத்தவரின் பிழையாக இருக்கக்கூடும் என்பதே அது கற்பித்த பாடம். இந்தியாவில் நடந்த சில முக்கியமான ஆய்வுகள் இந்தப் பாடத்தை எழுத்தறியாதவர்களிடம் கொண்டுசென்றன. அந்தப் பாடம் சென்னைக்கு அருகிலுள்ள கும்மிடிப்பூண்டியின் தொழிற்கூடங்களுக்குள்ளும் வந்தாக வேண்டும்.

பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இந்திராணி மேதி, குடிசைப் பகுதிகளின் வீட்டுவேலைப் பெண்களோடு சேர்ந்து எழுத்தே இல்லாத கணினித் திரைகளை உருவாக்கினார். 2007இல் வெளியான அவருடைய குழுவின் ஆய்வு, 13 நோய் அறிகுறிகளை எழுத்து, ஓவியம், நிழற்படம், அசைபடம், வீடியோ ஆகிய ஐந்து வடிவங்களில், குரலோடும் குரலின்றியும், எழுத்தறியாத 200 பேருக்குக் காட்டிச் சோதித்தது. குரல் சேர்ந்தால் பொதுவாக விரைவாகப் புரிகிறது. ஆனால் படமும் ஒலியும் சேர்ந்து வருவது குழப்பவும் செய்கிறது. தகவல் செறிவு கூடுவதால் புரிதல் கூடிவிடுவதில்லை என்று அது கண்டது. தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுக்களிடையே தபன் பரீக் வேறு வழி கண்டார். பழகிய காகிதப் படிவத்தை அவர் கைவிடவில்லை. அதில் அச்சிட்ட குறிகளைக் கைபேசிக் கேமரா படிக்க, அடுத்துச் செய்யவேண்டியதைக் குரல் சொன்னது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையோடு பணியாற்றிய மேடலின் பிளோஷே, சில சொற்களை மட்டும் அறியும் தமிழ்ப் பேச்சுக் கருவியை உழவர்களுக்காக அமைத்தார். எங்கோ பதிவான பேச்சை நம்பாமல், பயன்படுத்தப்போகும் மக்களின் பேச்சையே கொண்டு அதைப் பழக்கினார்.

இந்த மூன்று ஆய்வுகளும் குடிசைப் பகுதியிலும் கிராமத்திலும் நடந்தவை. தொழிற்கூடம் இவற்றின் களமாக இருக்கவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளிலும் ரோலிங் மில்களிலும் பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். ஒடியாவில் பத்தாம் வகுப்புவரை படித்தவர் எழுத்தறிவு பெற்றவர்தான். ஆங்கிலத்தில் எழுதிய எந்திரக் கட்டுப்பாட்டுப் பேனலின் முன்னால், தமிழில் எழுதிய எச்சரிக்கைப் பலகையின் முன்னால், அவர் எழுத்தறியாதவர் ஆகிவிடுகிறார். ஆகவே எழுத்தறியாமையை ஆளின் குறையாக மட்டும் கணக்கிடுவது போதாது. ஆளுக்கும் திரைக்கும் இடையில் அது உண்டாக்கப்படுகிறது. உண்டாக்கப்பட்டதை மாற்றவும் முடியும்.

பயிற்சி கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தபோது பணியில் இருந்தவர்கள் பயிற்சி பெற்றவர்களே. அங்கே பேனல் விளக்கு காட்டியது வால்வை மூடும்படி போன கட்டளையை. வால்வு உண்மையில் மூடியதா என்பதை அது காட்டவில்லை. திறந்தே கிடந்த வால்வை மூடியதாக நம்பி இரண்டு மணிநேரத்துக்கு மேல் போயிற்று. அந்த விபத்தில் பயிற்சியின் போதாமைக்கும் பங்கு உண்டு; ஆனால் பொய்க்குறி காட்டும் பேனலைப் பயிற்சி திருத்திவிடாது. காண்ட்ராக்டில் வந்து சில மாதங்களில் மாறிப்போகும் ஆட்களிடம் பயிற்சி தங்குவதும் அரிது. படங்கள் எல்லோருக்கும் பொதுமொழி என்ற வாதத்தை மேதியின் சோதனையே தளர்த்திவிடுகிறது. குரலைச் சேர்க்கலாம் என்றால், ரோலிங் மில்லின் இரைச்சலில், காதடைப்பான் போட்டவருக்கு அது எப்படிக் கேட்கும்? செலவு பெரிய தடை என்பதும் முழு உண்மையன்று. பரீக் எடுத்துக்கொண்டது காகிதத்தையும் கைபேசியையும்தான்.

இவற்றைவிட வலுவான மறுப்பு இந்தத் துறைக்குள்ளிருந்தே வருகிறது. பரீக்கோடும் மேதியோடும் பணிபுரிந்த கென்டாரோ டோயாமா, தொழில்நுட்பம் ஏற்கெனவே உள்ள மனித நோக்கத்தையும் திறனையும் பெருக்கிக் காட்டும், இல்லாததைப் படைக்காது என்று 2015இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். உற்பத்தி இலக்குக்காகப் பாதுகாப்பைத் தளர்த்தும் நிர்வாகத்தை நல்ல பேனல் திருத்திவிடாது. இதை மறுக்க முடியாது. ஆயினும் ஆபத்து நேரும் அந்தக் கணத்தில் தொழிலாளியின் கைக்கு எட்டுவது பேனல் மட்டுமே. அதைப் படிக்கத்தக்கதாக ஆக்குவது சட்டத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் மாற்றாகாது, அவற்றோடு சேர்ந்த உரிமையே. சென்னையின் பல்கலைக்கழகங்களுக்குக் கும்மிடிப்பூண்டி தொலைவில் இல்லை. ஆய்வாளர்கள் இரவு ஷிப்டில் அங்கே நின்று, நேற்று வந்து சேர்ந்த தொழிலாளி யாரிடமும் கேட்காமல் எந்திரத்தை நிறுத்த முடிகிறதா என்று சோதிக்கட்டும். அந்தச் சோதனையில் தோற்கும் பேனலைக் குறையுள்ள எந்திரமாகவே கருதவேண்டும்.